ஹிஞ்சவடி ஐடி பார்க் இருப்பது கிராமத்தில்: அந்தக் கிராமத்துக்குப் பணம் எங்கிருந்து வருது?

புனேவில் ஐடி வேலை என்றாலே முதலில் வரும் பெயர் ஹிஞ்சவடி. 2025 ஜூன் மழையில் அங்கே சாலையில் வெள்ளம் ஓடிய வீடியோக்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "இவ்வளவு வரி கட்டுறோம், மாநகராட்சி என்னதான் பண்ணுது?" என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

பதில் கொஞ்சம் ஆச்சரியமானது. ஹிஞ்சவடியில் மாநகராட்சியே கிடையாது.

வாகட் வரைக்கும் பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி. அதைத் தாண்டினால் முல்ஷி தாலுகா. ஹிஞ்சவடியும் பக்கத்து மாணும் இன்றும் கிராமப் பஞ்சாயத்துகள். அவற்றுக்கு மேலே முல்ஷி பஞ்சாயத்து சமிதி (நம்ம ஊர் ஊராட்சி ஒன்றியம் மாதிரி), அதற்கும் மேலே புனே ஜில்லா பரிஷத். ஐடி பார்க்கின் உள்சாலைகள் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகமான எம்.ஐ.டி.சி. பொறுப்பு. திட்டமிடலும் மெட்ரோவும் பி.எம்.ஆர்.டி.ஏ. கையில். ஒரே சாலையில் போகும்போதே பொறுப்பாளர் மாறிக்கொண்டே இருப்பார்.

முல்ஷியின் நூறு வருடக் கதை

முல்ஷி தன் நிலத்தை வெளியூருக்குக் கொடுப்பது இது முதல் முறை அல்ல. 1920-களின் தொடக்கத்தில் டாடா நிறுவனம் முல்ஷியில் அணை கட்டத் தொடங்கியது. தண்ணீரை மலைக்கு மறுபக்கம் கொங்கணில் இருக்கும் பிராவுக்குத் திருப்பி, மின்சாரம் எடுத்து, பம்பாய்க்கு அனுப்புவதுதான் திட்டம். நிலம் மூழ்கப்போகும் விவசாயிகள் 1921 ஏப்ரலில் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். தலைமை தாங்கிய பாண்டுரங்க மகாதேவ் பாபட்டுக்கு 'சேனாபதி' என்ற பெயர் நிலைத்தது. இந்தியாவில் அணைக்கு எதிராக நடந்த ஆரம்பகாலப் போராட்டங்களில் இது முக்கியமானது. மூன்று வருடம் போராடியும் தோல்விதான். அணை எழுந்தது, ஊர்கள் மூழ்கின.

அதே தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், 1990-களின் இறுதியில், வயல்கள் ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் ஆயின. முதலில் பம்பாய்க்குக் கரண்ட், பிறகு உலகத்துக்கு சாஃப்ட்வேர். பதிலுக்கு ஊருக்கு என்ன வருகிறது?

பணம் வரும் மூன்று வழிகள்

ஒன்று, சொந்த வரி. வீட்டு வரி, தண்ணீர் வரி போன்றவற்றைப் பஞ்சாயத்தே வசூலிக்கிறது.

இரண்டு, பத்திரப் பதிவு. மகாராஷ்டிராவில் ஜில்லா பரிஷத் எல்லைக்குள் ஃபிளாட் வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டியோடு கூடுதலாக 1% கட்ட வேண்டும். 1961-ம் ஆண்டின் ஜில்லா பரிஷத் சட்டத்தில் இருக்கும் ஏற்பாடு இது. 60 லட்ச ரூபாய் ஃபிளாட் என்றால் 60,000 ரூபாய். அதில் ஜில்லா பரிஷத்துக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் பங்கு உண்டு.

மூன்று, மத்திய நிதிக்குழு மானியம். 2021-26 காலத்துக்கு நாடு முழுக்க உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கு 15-வது நிதிக்குழு பரிந்துரைத்த தொகை 2,36,805 கோடி ரூபாய். இதில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. மீதி 40%-ஐ ஊர்த் தேவைக்கேற்பச் செலவு செய்யலாம்; சம்பளத்துக்குத் தொடக்கூடாது.

இதைப் பிரிக்கும் கணக்கில்தான் சிக்கல். மாநிலங்களின் பங்குக்கு 90% எடை மக்கள்தொகைக்கு, 10% பரப்பளவுக்கு. அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்புடையது. அடுத்த கணக்கெடுப்பு 2027-ல்தான். 2011-க்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகள் இந்தக் கணக்கில் இல்லை. காலையில் வந்து ராத்திரி திரும்பும் ஊழியர்களோ எந்தக் கணக்கெடுப்பிலும் அந்த ஊர் ஆட்களாக வரமாட்டார்கள். ஆனால் சாலை, குப்பை, கழிவுநீர் எல்லாவற்றிலும் அவர்கள் பங்கு இருக்கிறது.

உங்கள் பே ஸ்லிப்பில் போகும் 200 ரூபாய்

உங்கள் சம்பளச் சீட்டில் 'பி.டி.' என்று மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் 300 ரூபாய் பிடிப்பார்கள். வருடத்துக்கு 2,500. அரசியலமைப்பு அனுமதிக்கும் அதிகபட்சத் தொழில்வரி இதுதான். இந்தக் காசு ஹிஞ்சவடிக்குப் போகுமா?

போகாது. மகாராஷ்டிராவில் தொழில்வரி மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. காரணமும் இருக்கிறது: வேலை உறுதித் திட்டத்துக்கு நிதி திரட்டத்தான் 1975-ல் இந்த வரியே கொண்டுவரப்பட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்த 100 நாள் வேலைச் சட்டத்துக்கு முன்னோடி அந்தத் திட்டம்தான்.

தமிழ்நாட்டில் ஏற்பாடு வேறு. அங்கே தொழில்வரி உள்ளாட்சிக்குச் சேரும். ஓ.எம்.ஆரில் சிறுசேரியும் கிராம ஊராட்சிதான், அங்கேயும் பெரிய ஐடி பார்க் இருக்கிறது. சிறுசேரியில் வேலை பார்ப்பவரின் தொழில்வரி ஊராட்சிக்குரிய வருமானம். ஹிஞ்சவடியில் அதே வேலை பார்ப்பவரின் வரி மும்பைக்குப் போகிறது. கணக்குக்கு ஒரு லட்சம் ஊழியர்கள் என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 25 கோடி ரூபாய்.

தேர்தல் நடக்கலைன்னா?

நிதிக்குழு மானியத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். புனே ஜில்லா பரிஷத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. ஓ.பி.சி. இடஒதுக்கீட்டு வழக்கால் தேர்தல் தள்ளிப்போனது. தேர்தல் நடத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது 2025 மே மாதம். இடையில் மூன்று வருடத்துக்கும் மேல் அதிகாரி ஆட்சிதான்.

இது நமக்குப் பழகிய கதை. தமிழ்நாட்டில் 2016-லிருந்து 2019 வரை உள்ளாட்சித் தேர்தல் நடக்காதபோது மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளில் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

மாநகராட்சியில் சேர்த்தால் தீர்ந்துவிடுமா?

ஹிஞ்சவடியைப் பிம்ப்ரி சிஞ்ச்வட்டோடு சேர்க்க வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. ஐடி ஊழியர்களுக்கு அது நியாயமாகத்தான் தெரியும். பெரிய பட்ஜெட், ஒரே பொறுப்பாளர்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். புனே மாநகராட்சி 2017-ல் 11 கிராமங்களையும் 2021-ல் 23 கிராமங்களையும் சேர்த்துக்கொண்டது. முல்ஷியின் சூஸும் மாளுங்கேயும் அதில் உண்டு. ஃபிளாட் அதிகம் விற்கும் இப்படிப்பட்ட ஊர்கள் போகும்போது, அந்த 1% வருமானமும் ஜில்லா பரிஷத்தை விட்டுப் போய்விடும். மிஞ்சுவது அணைப் பக்கத்து மலைக் கிராமங்கள். அங்கே பத்திரப் பதிவு குறைவு, ஆனால் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஜில்லா பரிஷத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஹிஞ்சவடி வெளியேறினால், நூறு வருடம் முன்பு நிலம் மூழ்கிய அதே பக்கத்துக்குத்தான் இழப்பு.

அதனால் எல்லையை மாற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அங்கே வேலை செய்பவர்களின் வரியில் ஒரு பங்காவது அந்த ஊருக்கு ஏன் திரும்பக் கூடாது?

நீங்கள் என்ன செய்யலாம்?

இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், தாலுகா, பஞ்சாயத்து என்று தேடினால் எந்தக் கிராமத்தின் திட்டத்தையும் செலவையும் பார்க்கலாம். ஹிஞ்சவடியிலோ மாணிலோ குடியிருந்து, அங்கே வாக்காளர் பட்டியலில் பெயரும் இருந்தால், நீங்கள் கிராம சபை உறுப்பினர். கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஓட்டு இன்னும் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் அந்த உரிமை இல்லை.