பழைய கொம்பியூட்டருக்கு எந்த இலவச அன்டிவைரஸ்?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் கொடுத்த கடைசித் தவணை 2026 ஒக்டோபர் 13ஆம் திகதி முடிகிறது. முறையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலேயே நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளர்களுக்கு மட்டும் மேலும் ஒரு வருடம் கிடைத்தது. அந்தக் கடைசித் திகதியை வைத்து முன்னேஸ்வரம், சிலாபம், உடப்புப் பக்கத்து வாசகர்கள் எழுதும் கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: "பாரமில்லாத, காசில்லாத அன்டிவைரஸ் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். அதைப் போட்டால் இந்த மெஷினை இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாம்தானே?"

வைரஸ் என்றால் என்ன என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. பென் டிரைவைக் கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்ப் பிரின்ட் எடுத்துவிட்டு வந்த பிறகு, ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்ததைப் பார்த்த எவருக்கும் அது தெரியும்.

அன்டிவைரஸ் போட்டால் விண்டோஸ் 10 தொடர்ந்து பாதுகாப்பாக இருக்குமா?

இருக்காது. அன்டிவைரஸ், உள்ளே வரும் கோப்புகளைச் சோதிக்கிறது. மாதாமாதம் வரும் விண்டோஸ் அப்டேட், விண்டோஸிலேயே உள்ள ஓட்டைகளை அடைக்கிறது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்வதில்லை. விண்டோஸ் 10இல் கூடவே உள்ள டிபென்டர் என்ற அன்டிவைரஸுக்கு 2028 ஒக்டோபர் வரை புதிய வைரஸ் விபரங்கள் வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்வது உண்மை. ஆனால் பலரை அசட்டையாக இருக்கவைப்பதும் அந்த வாக்கியம்தான். 2028 வரை வரப்போவது வைரஸ்களின் பட்டியல் மட்டும். ஓட்டை அடைக்கும் வேலை 2026 ஒக்டோபரோடு முடிகிறது.

காலாவதியான மென்பொருள் என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச முகில் சேவை கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்றிடம் சிக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அங்கே ஓடியது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்கான ஆதரவு அதே வருடம் ஏப்ரலில் முடிந்திருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதல் பேச்சில் இருந்தும் பிந்திப்போனது. அரசாங்கத்துக்கே இந்தக் கதி என்றால், வீட்டு மெஷினில் ஓர் இலவச அன்டிவைரஸை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அந்த மேலதிக ஒரு வருடத்துக்கு இன்னும் பதிவு செய்யாதவர்கள் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதற்கான இணைப்பு இருக்கும். 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொப்ட் ரிவோர்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம், அல்லது "இலவசமாக" எடுக்கலாம். இலவசம் என்பதற்கு இங்கே என்ன பொருள் தெரியுமா? மைக்ரோசொப்ட் கணக்கொன்றில் நுழைந்து, உங்கள் மெஷினின் அமைப்புகளை அவர்களுடைய முகிலுக்கு அனுப்பச் சம்மதிப்பது.

"பாரமில்லாதது" என்பதை யார் தீர்மானிப்பது?

எல்லா நிறுவனங்களும் தங்கள் சரக்கைப் பாரமில்லாதது என்றே சொல்கின்றன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் உள்ள ஏவி-கொம்பரடிவ்ஸ், ஜெர்மனியின் மக்டபேர்க்கில் உள்ள ஏவி-டெஸ்ட் போன்ற பரிசோதனைக் கூடங்கள் வேகத்தையும் அளந்து புள்ளி கொடுக்கின்றன. அந்தப் புள்ளிகளையும் கொஞ்சம் தள்ளிநின்று பார்க்க வேண்டும். 2015இல் சீனாவின் சீஹூ 360, பரிசோதனைக்கு ஒரு பதிப்பையும் பொதுமக்களுக்கு வேறொரு பதிப்பையும் கொடுத்தது பிடிபட்டது. பரிசோதனைக்குப் போனதில் பிட்டிபென்டர் என்ற மற்றொரு அன்டிவைரஸ் நிறுவனத்திடம் வாங்கிய சோதனை இயந்திரம் ஓடியது. மக்கள் இறக்கியதில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதே காலத்தில் டென்சென்ட் என்ற மற்றொரு சீன நிறுவனத்தின் மென்பொருளில், வேகப் பரிசோதனையில் நல்ல புள்ளி வாங்குவதற்கென்றே செய்யப்பட்ட மாற்றங்கள் அகப்பட்டன. அவை பாவனையாளருக்குப் பெரிய பயன் தரவில்லை, பாதுகாப்பையும் குறைத்திருக்கலாம் என்று கூடங்கள் கூட்டாக அறிவித்து, இரு நிறுவனங்களுக்கும் கொடுத்த சான்றிதழ்களை மீளப் பெற்றன.

இன்னொன்று. பாரம் குறைவதற்கு வழக்கமான வழி, சோதிக்கும் வேலையை உங்கள் மெஷினிலிருந்து நிறுவனத்தின் சேர்வருக்கு மாற்றுவது. டேட்டா முடிந்து டொங்கிளைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் பென் டிரைவில் வரும் வைரஸை அந்தச் சேர்வர் பார்க்காது. இணையம் இல்லாதபோது எவ்வளவு கண்டுபிடிக்கிறது என்பதை ஏவி-கொம்பரடிவ்ஸ் தனிப் பத்தியாகவே வெளியிடுகிறது. நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் அந்தப் பத்தியைப் பாருங்கள்.

காசில்லாதது எப்படிக் காசு பார்க்கிறது?

கட்டணப் பதிப்பை வாங்கச் சொல்லி அடிக்கடி எழும் பெட்டிகள் தொல்லைதான், ஆனால் நேர்மையான தொல்லை. நாம் உற்றுப் பார்க்க வேண்டியது செக் குடியரசின் அவாஸ்ட் செய்ததை.

ஓர் இணையத்தளம் மோசடியானது என்று எச்சரிக்க வேண்டுமானால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது அன்டிவைரஸுக்குத் தெரிய வேண்டும். அந்த நியாயத்தை வைத்து அவாஸ்டின் பிரவுசர் நீட்சி, நீங்கள் திறந்த பக்கங்களின் முகவரிகளை நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து விற்கப்பட்டன. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு சொல்வதன்படி, 2014 முதல் 2020 ஜனவரி வரை, 100க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இந்தத் தகவல் போனது. சேர்ந்திருந்த தகவல் 8 பெட்டாபைட்டுக்கும் மேல். ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட். இத்தனைக்கும், உங்களை இணையத்தில் பின்தொடர்பவர்களைத் தடுப்போம் என்பதுதான் அந்த மென்பொருளின் விளம்பரம்.

பெயர் நீக்கிய தரவைத்தான் விற்றோம் என்றது நிறுவனம். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பெயரும் மின்னஞ்சலும் நீக்கப்பட்டன, சரி. நீக்கப்படாதவை எவை? ஒவ்வொரு பிரவுசருக்கும் கொடுத்த தனி இலக்கம், பக்கத்தைத் திறந்த துல்லியமான நேரம், நகரம், மாகாணம், நாடு.

இந்தத் தரவை வாங்கியது ஒன்லைன் கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பகல் 12 மணி 3 நிமிடம் 5 செக்கனுக்கு இன்ன டெப்லட்டைக் கூடையில் போட்டவர் யார் என்பது கடையின் சொந்தப் பதிவேட்டில் பெயரோடு இருக்கிறது. வாங்கிய தரவில் அதே செக்கனுக்கு அதே பொருளைக் கூடையில் போட்ட இலக்கம் ஒன்றுதான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இலக்கத்துக்குப் பெயர் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு அந்த ஒரு பொருளோடு விஷயம் முடிவதில்லை. அதே இலக்கத்தின் கீழ் உள்ள மாதக்கணக்கான பக்கங்கள் எல்லாம், எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்த வங்கிக் கடனைப் பார்த்தார், எந்தக் கட்சியின் செய்தியைப் படித்தார் என்பது உட்பட, பெயருள்ள ஒருவரின் வரலாறாகின்றன. ஒரே ஒரு வரி பொருந்தினால் போதும், முழுச் சங்கிலியும் கைக்கு வரும்.

கடையின் பதிவேடு இல்லாமலும் இது நடக்கும், அதுவும் சிறிய ஊர்களில் இன்னும் சுலபமாக. கொழும்பிலிருந்து ஒரு பிரவுசர் காலையில் சிறுநீரக நோய் பற்றியும், மத்தியானம் இத்தாலி விசாப் படிவம் பற்றியும், இரவில் ஆசிரியர் இடமாற்றம் பற்றியும் பார்த்தால், அது யாராகவும் இருக்கலாம். அதே மூன்றும் முன்னேஸ்வரத்திலிருந்து ஒரே இலக்கத்தில் வந்தால், ஊரைத் தெரிந்த ஒருவருக்கு ஆளைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம்.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது, முகவரி முழுவதையும் அனுப்பாமலே இந்த எச்சரிக்கை வேலையைச் செய்யும் வழி ஏற்கெனவே இருந்தது என்பதுதான். கூகுளின் சேஃப் பிரவுசிங் அக்காலத்தில் இயங்கிய முறையை எடுத்துக்கொள்வோம். பயர்பொக்ஸும் பல வருடங்களாக அதையே பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முகவரியையும் கணித முறையொன்றால் 64 எழுத்து நீளமான கைரேகையாக மாற்றுகிறார்கள். கைரேகையிலிருந்து முகவரியைத் திரும்ப எடுக்க முடியாது. மோசடித் தளங்களின் கைரேகைகளில் முதல் 8 எழுத்துகள் மட்டும் கொண்ட பட்டியல் உங்கள் மெஷினிலேயே இருக்கும். நீங்கள் திறக்கும் பக்கத்தின் முதல் 8 எழுத்துகள் பட்டியலில் இல்லையென்றால் வெளியே எதுவும் போவதில்லை. இருந்தால் அந்த 8 எழுத்துகள் மட்டும் போகும். அப்படித் தொடங்கும் முழுக் கைரேகைகளைச் சேர்வர் திருப்பி அனுப்ப, கடைசி ஒப்பீடு உங்கள் மெஷினுக்குள் நடக்கும். கேட்டது எந்தப் பக்கத்தைப் பற்றி என்பது சேர்வருக்கு உறுதியாகத் தெரியாது. பட்டியல் கொஞ்சம் பழையதாக இருக்கும் என்பது இதன் குறை. அந்தக் குறைக்காக முழு முகவரியைக் கேட்பதையாவது நியாயப்படுத்தலாம். கேட்டதைச் சேர்த்து வைத்து விற்பதை எந்தத் தொழில்நுட்பக் காரணமும் நியாயப்படுத்தாது.

2019 ஒக்டோபரில் விளாதிமிர் பாலன்ட் என்ற ஆய்வாளர் அவாஸ்ட் நீட்சிகளைப் பிரித்துப் பார்த்து எழுதினார். டிசம்பரில் மொசில்லாவும் ஒபேராவும் அவற்றைத் தங்கள் களஞ்சியங்களிலிருந்து தூக்கின. 2020 ஜனவரியில் பிசி மெகசின், மதர்போர்ட் ஆகிய இதழ்கள் விற்பனை விபரங்களை வெளியிட, சில நாட்களில் ஜம்ப்ஷொட் மூடப்பட்டது. 2024இல் செக் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 35 கோடியே 10 இலட்சம் கொருனா தண்டம் விதித்தது. அதே வருடம் அமெரிக்க ஆணைக்குழுவோடு ஒரு கோடியே 65 இலட்சம் டொலருக்கு விவகாரம் தீர்க்கப்பட்டது. குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நிறுவனம் காசைக் கட்டியது. விளம்பரத்துக்காகப் பிரவுசர் தரவை விற்க அதற்கு இப்போது தடை இருக்கிறது.

"அப்படியானால் வேறு பெயரைப் போடுகிறேன்" என்பவர்கள் கவனிக்க: ஏவிஜியை அவாஸ்ட் 2016இல் வாங்கியது. அவிராவை நோர்டன் 2021இல் வாங்கியது. 2022இல் நோர்டனும் அவாஸ்டும் ஒன்றாகி ஜென் டிஜிட்டல் ஆகின. கடைத்தட்டில் நாலு பெயர், கல்லா ஒன்று. இடையில் நோர்டனும் அவிராவும் உங்கள் மெஷினில் கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்து, கிடைப்பதில் 15 வீதத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டன. நீங்களாகச் சம்மதித்தால்தான் ஓடும் என்பது அவர்களின் பதில்.

இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல், 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த முக்கிய பிரிவுகள் தள்ளிப்போடப்பட்டன. செக் குடியரசில் நடந்தால் தண்டம் உண்டு, சிலாபத்தில் நடந்தால் என்ன என்பதற்கு அனுபவத்தில் இன்னும் விடையில்லை.

அப்படியானால் எதைப் போடுவது?

பெரும்பாலான வீடுகளுக்கு எதையும் புதிதாகப் போடத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிபென்டர் போதும். அது மகா இலகுவானது என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரெம் உள்ள மெஷினில் முழுச் சோதனை ஓடும்போது எல்லாம் இழுபடும். சோதனையை இரவில் ஓடும்படி மாற்றலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தை எந்த அன்டிவைரஸை மாற்றியும் பெற முடியாது. டிபென்டரும் சந்தேகக் கோப்புகளை மைக்ரோசொப்டுக்கு அனுப்புகிறது. தானாக அனுப்புவதை அதன் அமைப்புப் பக்கத்தில் நிறுத்தலாம்.

டிபென்டர் உங்கள் மெஷினில் ஓடவில்லை என்றால், ஏன் என்பதையும் பாருங்கள். கிரெக் விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர்கள் முதலில் அதை நிறுத்தியிருப்பார்கள். இல்லாவிட்டால் கிரெக் கோப்பை டிபென்டர் அழித்துவிடும். அந்த மெஷினில் மேலே ஓர் இலவச அன்டிவைரஸைப் போடுவது வீண் வேலை.

வேறொன்று வேண்டும் என்று நிற்பவர்களுக்கு பிட்டிபென்டரின் இலவசப் பதிப்பு இருக்கிறது. எதைப் போட்டாலும் பிரவுசர் நீட்சியைச் சேர்க்கவா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மீதிக் கேள்விகள், சுருக்கமாக

இரண்டு அன்டிவைரஸ் போடலாமா? வேண்டாம், ஒன்றையொன்று இழுத்து மெஷினை நிறுத்தும்.

லேப்டொப்போடு வந்த சோதனைப் பதிப்பு காலாவதியாகிவிட்டதே? முழுதாக அகற்றுங்கள், டிபென்டர் மீண்டும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கஸ்பர்ஸ்கி? 2024இல் அமெரிக்கா தன் நாட்டில் விற்பனையைத் தடை செய்தது, ரஷ்யத் தொடர்பைக் காரணம் காட்டி. இங்கே தடையில்லை, முடிவு உங்களுடையது.

சென்னையின் கே7? வேகப் பரிசோதனைகளில் நல்ல பெயர், ஆனால் காசு கட்ட வேண்டும்.

விண்டோஸ் 7? எந்த அன்டிவைரஸும் காப்பாற்றாது.

விண்டோஸ் 11 ஏறாத மெஷின்? லினக்ஸ் மின்ட் போடுங்கள், பழைய மெஷினிலும் ஓடும், காசுமில்லை.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் "பார்சல்" எஸ்எம்எஸ்ஸை அன்டிவைரஸ் பிடிக்குமா? அதை நம்பாதீர்கள், இணைப்பைத் தொடாதீர்கள்.

கப்பம் கேட்கும் வைரஸுக்கு மருந்து? வெளியே கழற்றி வைத்த ஒரு பிரதி. அரச முகிலில் கூடவே இணைந்திருந்த பிரதிகளும் சேர்ந்துதான் போயின.

ஆகவே ஒக்டோபர் 13க்கு முன் செய்யவேண்டியவை மூன்று. நீட்டிப்புக்குப் பதிவு செய்யாவிட்டால் இன்றே செய்யுங்கள். படங்களையும் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துக் கழற்றி வையுங்கள். அந்தத் திகதிக்குப் பிறகு விண்டோஸ் 11ஆ, லினக்ஸா என்பதை வீட்டில் பேசி முடிவெடுங்கள். அன்டிவைரஸ் எது என்ற கேள்வி இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரும்.