அரிசியும் அதிகாரமும்
உணவுப் பற்றாக்குறைக்கு வானத்தையோ உழவரின் சோம்பலையோ காரணங்கூறுதல் நெடுநாள் வழக்கு. அதனை உற்பத்தியுறவுகளின் விளைவாகவே நாம் காண்கிறோம். இலங்கையில் அரிசியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

குடியேற்ற ஆட்சியிலே மூலதனம் தேயிலை, இறப்பர் ஆகிய ஏற்றுமதிப் பயிர்களையே நாடிற்று; அவற்றை விளைவித்த தொழிலாளருக்கான அரிசியோ பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இவ்வமைப்பின் நொய்மை வெளிப்பட்டது. சுதந்திரத்தின் பின்னரும் இறக்குமதிச் சார்பு நீடித்தது. 1952இல் சீனாவுடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர்-அரிசி உடன்படிக்கை அமெரிக்காவின் அதிருப்திக்கு ஆளாயிற்று. மறு ஆண்டு, பங்கீட்டரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறக்க நேர்ந்தது.

வயலுக்குள்ளும் அதிகாரம் உண்டு. பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வாரக்குடிகளுக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தது. நிலவுடைமையாளரோ பலரை வயலைவிட்டே வெளியேற்றினர். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதும், உழவரின் எதிர்ப்பையடுத்து அவ்வாண்டிலேயே அத்தடை தளர்த்தப்பட்டதும் ஈண்டு மனங்கொளத்தக்கன.

எனவே, எவ்வளவு விளைகிறது என்று கணக்கிடுவதோடு அமையாது, நிலம், விலை, உரம் ஆகியவற்றைத் தீர்மானிப்போர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். உழுபவர் தீர்மானிப்போராகாதவரை விளைச்சற் பெருக்கம் மட்டும் பசியைத் தீர்த்துவிடாது.