காந்தலூர் மலையும் கரிசல் அடிவாரமும்

காந்தலூர் என்றதும் வெளியூரில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஆப்பிளும் மலைப்பூண்டும் குளிரும்தான் நினைவுக்கு வரும். அந்த மலையில் இருந்து மறையூர், சின்னாறு வழியாக வண்டியில் இறங்கி உடுமலைப் பக்கம் வரும்போது, காலடியில் இருக்கும் மண் மாறிக்கொண்டே வருவதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மேலே செம்பழுப்பு, இடையில் சரளை, அடிவாரம் தாண்டிச் சமவெளியில் ஆங்காங்கே கன்னங்கரேலென்று கரிசல். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்தக் கரிசலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊரில் பூர்வீக நிலம் வைத்திருப்பவர்களும், "ரிட்டயர் ஆனதும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம்" என்று மனை வாங்கி வைத்திருப்பவர்களும் கட்டாயம் அறிய வேண்டிய விஷயம் இது.

முதலில் மழைக் கணக்கு. மூணாற்றில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. மலையின் மறுபக்கமான அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களையும் சேர்த்துத்தான் அஞ்சுநாடு என்கிறோம். மதுரைச் சீமையில் இருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அங்குள்ள தமிழ்க் குடிகளின் மரபுவழிச் செய்தி. இன்னும் கீழே சின்னாற்றுக்கு வந்தால் மழை ஏறக்குறைய 500 மில்லிமீட்டர்தான். கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று. அதில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கின் நீரைச் சேர்த்துக்கொண்டு அமராவதிக்குப் போகிறது. ஒரு பகல் பயணத்துக்குள் இவ்வளவு வேறுபாடு!

இந்த மழை வேறுபாடுதான் மண்ணையும் இரண்டாகப் பிரிக்கிறது. மழை மிகுந்த இடத்தில் பாறை சிதையும்போது அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சிலிக்கா எல்லாம் கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவது இரும்பும் அலுமினியமும் கயோலினைட் என்ற சாதுவான களிமண்ணும். நீர் பட்டாலும் பெரிதாக ஊதாது, காய்ந்தாலும் சுருங்காது. மழை குறைந்து வெயில் மிகுந்த, வடிகால் மந்தமான சமவெளியில் கதை வேறு. சத்துகள் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகின்றன. அவை சேர்ந்து ஸ்மெக்டைட் வகைக் களிமண் உருவாகிறது. அதில் பெயர் பெற்றது மாண்ட்மோரில்லோனைட். பிரான்சில் உள்ள மாண்ட்மோரில்லான் என்ற ஊரின் பெயர் அது.

கரிசல் என்றால் எரிமலைக் குழம்பில் இருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தக்காணத்துக்கு அது சரி. நம் கோவை, உடுமலை, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கங்களில் அந்த எரிமலைப் பாறையே கிடையாது. இங்கே உள்ளவை நைஸ், சார்னோகைட் போன்ற பழம்பாறைகள், ஆங்காங்கே சுண்ணாம்புப் பாறை. அவை சிதைந்தும் கரிசல் ஆகியிருக்கிறது என்றால், பாறையைவிடத் தட்பவெப்பமும் நிலத்தின் தாழ்வும்தான் பெரிய காரணம் என்று கொள்ளலாம். கறுப்பாக இருப்பதால் மக்கு நிறைய இருக்கும் என்று நினைப்பதும் தவறு. கரிமச் சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. களிமண்ணோடு இறுகப் பிணைந்த கொஞ்சம் மக்கே அத்தனை கறுப்பைக் கொடுக்கிறது.

இனி வெடிப்பு. ஸ்மெக்டைட் என்பது மெல்லிய தகடுகளை அடுக்கிய சீட்டுக்கட்டு மாதிரி. மழை பெய்தால் தண்ணீர் தகடுகளுக்கு நடுவிலேயே புகுந்துவிடும், கட்டு ஊதும். காய்ந்தால் சுருங்கும். நூற்றுக்கு முப்பது பங்குக்குக் குறையாத களிமண்ணும், பருவம்தோறும் திறந்து மூடும் வெடிப்பும் இருந்தால் மண்ணியலார் அதை வெர்டிசால் என்கிறார்கள். 'புரட்டுதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். மிகப் பொருத்தமான பெயர் என்பேன். கோடையில் மேல்மண் பொலபொலவென்று உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழையில் அடிமண் ஊதும்போது இடம் போதாமல் பக்கவாட்டில் நெருக்கி மேலே தள்ளுகிறது. கலப்பை இல்லாமலே நிலம் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. நம் பெரியவர்கள் "கரிசக்காடு மூச்சு விடுது" என்று சொல்வது வெறும் பேச்சல்ல. ஆழமாக ஒரு குழி தோண்டிப் பார்த்தால், ஒன்றன் மேல் ஒன்று சறுக்கிய மண்கட்டிகளின் பக்கங்கள் எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். கூடவே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் கிடைக்கும்.

இந்த அசைவின் விளைவு வேலிக் கம்பத்தில் தெரியும். நேராக நட்ட கல்தூண் சில ஆண்டுகளில் சாய்ந்து நிற்கும். மரங்களின் வேர்களையும் இந்த இழுபறி அறுத்துவிடுவதால், உலகெங்கும் வெடிக்கும் களிமண் நிலங்களில் மரத்தைவிடப் புல்லுக்குத்தான் கை ஓங்கியிருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மைல் கணக்கில் மிச்சல் புல்வெளிகள் இப்படிப்பட்ட மண்ணில்தான் பரந்து கிடக்கின்றன. அந்த நிலத்தில் உண்டாகும் மேடு பள்ளங்களுக்கு 'கில்கை' என்று அங்குள்ள பழங்குடியினர் இட்ட பெயரையே இன்று உலக மண்ணியல் நூல்கள் கையாளுகின்றன. நம் பக்கம் கருவேல மரம் இந்த மண்ணைத் தாங்கி நிற்கும்.

மேய்ச்சல் விஷயத்துக்கு வருவோம். காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகள் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். கிளுவை முள்வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடு அங்கே வளர்ந்ததுதான். அந்த இனத்தைக் காத்ததில் பாளையக்கோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கொறங்காடு பெரும்பாலும் செம்மண், சரளை நிலம். ஆனால் வேலி போட்டுப் பிரித்து, ஒன்றை மேய்த்து மற்றொன்றை ஆறப்போடும் அதன் முறை கரிசலுக்கு இன்னும் அவசியம். காரணம், நனைந்த கரிசலில் மாடு இறங்கினால் குளம்பு புதைந்து மண்ணின் கண்ணறைகள் எல்லாம் நசுங்கிவிடும். பிறகு காயும்போது சிமெண்ட் மாதிரி இறுகும், புல் முளைக்காது. ஆகவே மழை விட்டு மேல்மண் உலரும்வரை மாட்டை ஓட்டக் கூடாது. முழுக் கோடையிலும் கவனம் வேண்டும். அகன்ற வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் கரிசல் கஞ்சனும் வள்ளலும் ஒருசேர. முதல் மழையை வெடிப்பு வழியே மடமடவென்று குடிக்கும். வெடிப்பு மூடிய பிறகு ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல் மேலே ஓடும். உள்ளே போனதையோ மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பை நம்பித்தான் குடிமங்கலம் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவ மழைக்குப் பின் கொண்டைக்கடலை போடுகிறார்கள். பனியிலும் அடி ஈரத்திலுமே அது விளைந்துவிடும். உழவுக்கு ஏற்ற பதம் இந்த மண்ணில் சில நாட்களே. ஈரமானால் கலப்பையில் அப்பும், காய்ந்தால் கொழு இறங்காது. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் நிறுவனம், அகலப் பாத்தியும் வாய்க்காலும் அமைத்து இந்த மண்ணில் மழைநீரை வடிக்கும் முறையைப் பரப்பியது.

கேரளத்திலேயே கரிசல் என்று சொல்லத்தக்கது பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில்தான் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தமிழ் ஒலிக்கும் ஊர்கள் அந்தப் பக்கம். கேரள மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை கொண்டது. சித்தூர்க் கரிசலோ சுண்ணாம்பு மிகுந்து காரமாக இருக்கும். அங்கே தண்ணீர்ப் பிரச்சினையும் இரு மாநிலப் பிரச்சினை. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி நீர் தர வேண்டும். கரிசலுக்கு வாய்க்கால் பாசனம் வரும்போது வடிகாலும் கூடவே வர வேண்டும். இல்லாவிட்டால் உப்பு மேலேறும். வாய்க்கால் கேட்டுக் கூட்டம் போடுவோர், வடிகால் கேட்டு ஒருமுறையேனும் போட்டால் நல்லது!

இப்போது வீடு. வெடிப்பு விட்ட கரிசல் மனை பார்க்கச் சமதளமாக அழகாக இருக்கும், விலையும் மலிவாகச் சொல்வார்கள். சாதாரணக் கடைக்கால் போட்டுக் கட்டினால், வீட்டின் நடுப்பகுதி ஈரமாகவே இருக்க, ஓரங்கள் கோடைதோறும் காய்ந்து இறங்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாகக் கீறல் விழும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. மனை வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். சலித்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீரில் உள்ள மண் அதைவிட எவ்வளவு கூடுதலாக உயர்ந்தது என்பதுதான் கணக்கு. 50 சதவீதத்தைத் தாண்டினால் மிகவும் ஊதும் மண்.

அதற்கும் வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே அடியில் குமிழ் போல விரிந்த தூண் அடித்தளத்தைப் பரப்பியது. பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, மூன்று மூன்றரை மீட்டருக்குக் கீழே அசையாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியர் கட்டி, ஊதாத மண்ணை ஓர் அடுக்காக இடையில் பரப்பினால் கரிசலின் தள்ளுவிசை அடங்கும் என்று காட்டினார். கால்வாய்க் கரைகளில் அம்முறை பயன்பட்டது. சிறு வீட்டுக்கு இதோடு சேர்த்து, சுவரைச் சுற்றி அகலமான தளம் போடுவது, மரத்தை அதன் உயரத்தின் அளவுக்காவது தள்ளி நடுவது, தண்ணீர்த் தொட்டியும் கழிவுநீர்க் குழியும் சுவருக்குப் பக்கத்தில் கசியாமல் பார்ப்பது ஆகியவை போதும்.

வீடு கட்டாமல், விற்காமல், சும்மா போட்டு வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்கள் நினைப்பது போல நிலம் சும்மா இருப்பதில்லை. இரண்டே மழையில் சீமைக் கருவேலம் நுழைந்துவிடும். ஊர்ப் பதிவேட்டில் மேய்க்கால் புறம்போக்கு என்று இருந்த இடங்கள் சுருங்கிவரும் இந்நாளில், அக்கம் பக்கத்து ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு உங்கள் கரிசலை மேய்ச்சலுக்கு விட்டால், புல்லும் நிற்கும். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும் ஒரு நிபந்தனையை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: மழை பெய்த மறுநாள் மாட்டை உள்ளே விடக் கூடாது.