ஹைபிரிட் காருக்கு மட்கார்டு: தேர்வும் பொருத்தும் முறையும்

மழைக்காலத்தில் மண்சாலை ஒன்றைக் கடந்து வந்த மோட்டார் காரின் பக்கங்களை உற்று நோக்கினால், முன் சக்கரத்தின் பின்னே தொடங்கிக் கதவுகளின் அடிப்பாகம் வரை சேறு விசிறி போல் படிந்திருப்பதைக் காணலாம். சேற்றைக் கழுவிவிடலாம். ஆனால் அதனுடன் வந்த சரளைக் கற்கள் வண்ணப்பூச்சில் ஏற்படுத்திய சிறு பொத்தல்கள் கழுவினால் போகமாட்டா. அவற்றின் வழியே ஈரம் புகுந்து இரும்புத் தகட்டைத் துருவாக்கும். இதைத் தடுக்கச் சக்கரத்தின் பின் தொங்கவிடப்படும் மடலையே கடைக்காரர்கள் மட்கார்டு என்கின்றனர். சைக்கிளில் அப்பெயர் சக்கரத்தின்மேல் வளைந்து நிற்கும் தகட்டைக் குறிக்கும். காரில் அந்த வேலையை உடலின் வளைவே செய்துவிடுவதால், பெயர் மட்டும் மடலுக்கு இறங்கி வந்துவிட்டது போலும்.

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார்கள், 2022-ஆம் ஆண்டில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் வகைகளாக இந்தியச் சந்தைக்கு வந்தன. இத்தகைய காரை வாங்குவோர் பெரும்பாலும் பெட்ரோல் சிக்கனத்தைக் கருதியே வாங்குகின்றனர். மடல் தொங்கவிட்டால் அச்சிக்கனம் கெடுமோ என்று அவர்கள் ஐயுறுவது இயல்பே. அதனினும் முக்கியமான கேள்வி, மடலைப் பொருத்தும்போது எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்பது.

முதலில் சேறு எவ்வாறு எழுகிறது என்பதைக் காண்போம். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, காரைப் பொறுத்தவரை டயரின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 16.7 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர் எனக் கொண்டால், விளிம்பில் ஒட்டிய நீர்த்துளி வட்டப் பாதையிலேயே நிலைக்க, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 88 மடங்கு முடுக்கம் வேண்டும். நீரின் ஒட்டும் தன்மைக்கு அத்துணை வலிமை இல்லை. எனவே துளி தொடுகோட்டின் வழியே பறக்கிறது. வேகம் பாதியானால் இந்த 88 என்பது 22 ஆகிவிடும். சேற்றுச் சாலையில் மெதுவாகச் செல்வதன் பயன் இவ்விரு எண்களிலேயே விளங்கும். டயரின் பள்ளங்களில் சிக்கிய கல்லும் இவ்வாறே விடுபடுகிறது. தரையில் அழுந்தித் தட்டையான ரப்பர் மீண்டும் வட்ட உருவம் பெறும் தறுவாயில் பள்ளத்தின் பிடி தளர்ந்து கல்லை உதறிவிடுகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயரை நீலம் கரைத்த நீரால் நனைத்துப் பெடலைச் சுழற்றுக. சக்கரத்துக்கு எதிரே செங்குத்தாகப் பிடித்த வெள்ளைத் தாளில் புள்ளிகள் தாள் முழுவதும் சிதறுவதில்லை. டயரைவிடச் சற்றே அகன்ற பட்டையாக விழுகின்றன. மட்கார்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் விதி இந்தத் தாளிலேயே இருக்கிறது. டயரின் அகலத்தைச் சற்று மீறிய மடல் போதுமானது. அதற்குமேல் அகலும் ஒவ்வொரு விரற்கடையும் காற்றை எதிர்க்குமேயன்றிச் சேற்றைத் தடுக்கப் பெரிதும் உதவாது.

காற்றின் எதிர்ப்பு எவ்வளவு? 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் காரின் மூன்றாம் தலைமுறைக்கு, 2009-இல், இழுவைக் குணகம் 0.25 என அறிவிக்கப்பட்டது. காற்றுக்கு நேராக நிறுத்திய தட்டைப் பலகைக்கு இக்குணகம் ஒன்றுக்கு மேல் என்பதைக் கொண்டு அக்காரின் வழவழப்பை உணரலாம். முன்புறப் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர் எனக் கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அதன்மேல் ஏறத்தாழ 255 நியூட்டன் காற்றுத் தடை ஏற்படும். இனி நான்கு மடல்களும் டயரின் மறைவுக்கு வெளியே தலைக்கு 50 சதுர சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றால் கூடும் தடை சுமார் 10 நியூட்டன். அதாவது ஒரு கிலோகிராம் பொருளின் எடை. இது காற்றுத் தடையில் நூற்றுக்கு நான்கு பங்கு. சக்கர உருளலின் தடையையும் சேர்த்து நோக்கின் பெட்ரோல் செலவில் விகிதம் இன்னும் குறையும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 10 நியூட்டன் இரண்டரையாகச் சுருங்கிவிடும். இது தோராயக் கணக்கே. சக்கரத்தின் பின்னே காற்று முன்னரே கலங்கியிருப்பதால் உண்மைத் தடை இதனினும் குறையலாம். மடல் காரின் அடிப்புறக் காற்றோட்டத்தைக் குலைத்தால் கூடவும் கூடும். எவ்வாறாயினும், ஊரகச் சாலைகளில் திரியும் காருக்கு மட்கார்டு லாபமே. விரைவுச் சாலையிலேயே பெரும்பொழுதைக் கழிக்கும் காருக்குச் சிறிய மடலோ முன் மடல்கள் மட்டுமோ போதும்.

வாங்கும்போது, குறிப்பிட்ட மாடலுக்கென அச்சில் வார்த்த மடலையே கேட்டு வாங்குதல் நன்று. காரின் உடலில் ஏற்கெனவே உள்ள துளைகளுக்கு அதன் துளைகள் நேராக அமையும். எல்லாக் கார்களுக்கும் பொது எனச் சொல்லி விற்கும் ரப்பர் பலகை மலிவானதுதான். ஆனால் அதற்காகப் புதுத் துளை இட நேரும். கையால் வளைத்தால் வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும் பொருளே ஏற்றது. விறைப்பான பிளாஸ்டிக், மலைப்பகுதிக் குளிரில் ஒரு கல் பட்டாலே பிளந்துவிடக்கூடும்.

துளையிடும் வேலையில்தான் ஹைபிரிட் கார் பிற கார்களினின்று வேறுபடுகிறது. மேற்கூறிய மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 2010-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் பாட்டரி 201.6 வோல்ட் மின்னழுத்தம் உடையது. மோட்டாருக்குச் செல்லுமுன் அது 650 வோல்ட் வரை உயர்த்தப்படுகிறது. பின்புறமுள்ள பாட்டரியிலிருந்து முன்புறம் செல்லும் கம்பிவடம் காரின் தரைத்தகட்டின் அடியே ஓடுகிறது. இத்தகைய வடங்களுக்கு ஆரஞ்சு நிற உறை இடுவது வழக்கம். அந்நிறம் கண்ணில் பட்ட இடத்தில் துளைக்கருவியோ நீண்ட திருகாணியோ செல்லலாகாது. பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் ஆகியவையும் அடிப்புறத்திலேயே உள்ளன. சக்கர வளைவினுள்ளோ, சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணர்கருவியின் மெல்லிய கம்பி செல்கிறது. அது அறுந்தால் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்புப் பழுதாகும். எனவே பழைய துளையும் பழைய நீளத் திருகாணியுமே பாதுகாப்பானவை. உட்புறம் புலப்படாத தகட்டில் துளையிடுதல் அறவே கூடாது.

மற்றோர் அபாயம் அமைதியின் வடிவில் வருகிறது. எஞ்சின் ஓசை இன்றி நிற்கும் ஹைபிரிட் கார், அணைக்கப்பட்ட கார் என்று பொருளல்ல. முகப்பில் ‘ரெடி’ என்ற விளக்கு எரியுமாயின், பாட்டரியில் மின்சாரம் குறைந்தவுடன் எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும். வேலையைத் தொடங்குமுன் மின் இணைப்பை முற்றும் அணைத்து, கியரைப் பார்க்கிங் நிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஸ்மார்ட் சாவியைக் காரினின்று தொலைவில் வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகுதல் எந்தக் காரிலும் தகாது. பெரும்பாலும் அதற்குத் தேவையும் எழாது. முன் சக்கரத்தை ஸ்டியரிங்கால் ஒருபுறம் முழுதும் திருப்பினாலே திருகாணிகள் கைக்கு எட்டும்.

மடலும் உடலும் ஒட்டும் இடத்தை முன்னதாகக் கழுவி உலர்த்துக. இடையில் மணல் அகப்பட்டால், வண்டியின் அதிர்வில் அது உப்புத்தாள் போல் வண்ணப்பூச்சை அராவிவிடும். கல்லைத் தடுக்க மாட்டிய மடலே துருவுக்கு வழிகோலிய கதை இவ்வாறே நேர்வது. மடலின் ஓரம் படியும் கோட்டில் ஒளிபுகும் காப்புப் படலம் ஒட்டிவிடுவது சிறந்த தடுப்பு. திருகாணிகளை முதலில் தளர்வாகவே மாட்டி, மடலை நேர்படுத்திய பின்னர்க் கையால் முடுக்குக. மின்விசைத் திருப்புளி பிளாஸ்டிக்கை நொறுக்கிவிடும்.

பின்னர் ஸ்டியரிங்கை இருபுறமும் கோடி வரை திருப்பி, டயர் மடலில் உராய்கிறதா எனப் பார்க்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு, ஆட்களை ஏற்றிப் பார்ப்பதே சோதனை. கரிசல் நிலப் பகுதிகளில் டயருக்கும் மடலுக்கும் நடுவே தாராளமாக இடம் விடுதல் வேண்டும். நெருக்கமாக அமைந்தால் ஒட்டும் களிமண் அங்கே திரண்டு காய்ந்து சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். தரையை நோக்கியும் மிகத் தாழ விடலாகாது. நடைமேடை விளிம்பை நோக்கிக் காரைப் பின்னால் ஓட்டுகையில், மடல் டயரின்கீழ் அகப்பட்டுத் திருகாணியோடு பிடுங்கப்படுவதுண்டு. ஒரு வாரம் ஓடிய பின் திருகாணிகளை மறுமுறை முடுக்கி, உட்புறம் படிந்த சேற்றைக் கழுவிவிடுக.