இருட்டறை நாட்கள் – 14: மேலே கடை, கீழே தண்ணீர்

இந்த வாரம் கிளென் கேன்யன் என்று சொல்லியிருந்தேன். புகைப்படக்காரர் எலியட் போர்ட்டர் யார், அவர் எதற்காக அந்தப் பள்ளத்தாக்குக்குள் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்பதெல்லாம் போன இதழிலேயே வந்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமைக்குள் கட்டுரை ஆசிரியர் மேசைக்குப் போக வேண்டும். செவ்வாய் மாலை வரைக்கும் போர்ட்டரைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் எமரி கோல்ப் என்ற மனிதர் குறுக்கே ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓட்டம்.

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன். தெற்கு விளிம்புக்கு 1901இல் ரயில் வந்தது. அதே ஆண்டு பென்சில்வேனியாக்காரர் எல்ஸ்வொர்த் கோல்ப் பிழைப்புத் தேடி அங்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு தம்பி எமரியும் வந்தார். 1904இல், பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்தில், பாறையின் விளிம்பை ஒட்டி ஸ்டுடியோ போட்டார்கள். கோவேறு கழுதையில் ஏறிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பயணிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதுதான் தொழில். இடம் பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பாதையில் இறங்க ரால்ஃப் கேமரன் என்பவர் ஆளுக்கு 1 டாலர் சுங்கம் வாங்கிக்கொண்டிருந்தார். சுங்கம் கட்ட எல்லோரும் அங்கே நின்றாக வேண்டுமே. (இந்தக் கேமரன் பாதையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அமெரிக்க அரசோடு உச்ச நீதிமன்றம்வரை மல்லுக்கட்டி, 1920இல் தோற்று, அதற்குப் பிறகு செனட்டராகவும் ஆனார். அவரைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். ஆசிரியர் முறைப்பார்.)

படம் எடுத்தாயிற்று. கழுவ வேண்டுமே? விளிம்பில் தண்ணீர் கிடையாது. பெய்கிற மழையும் உருகுகிற பனியும் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கிப் போய்விடும். வெகு ஆழத்தில், நீர் புகாத களிப்பாறை தடுக்கும் இடத்தில்தான் ஊற்றாக வெளியே வரும். மேலே இருந்த விடுதிகளுக்கே ரயிலில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் வந்தது. ஸ்டுடியோக்காரர்களுக்குக் கைக்கெட்டிய நல்ல தண்ணீர், அப்போது இந்தியன் கார்டன் என்றும் இப்போது ஹவாசுபாய் கார்டன்ஸ் என்றும் அழைக்கப்படும் ஊற்றங்கரையில் இருந்தது. பாதை வழியே 4.5 மைல் தூரம். விளிம்பிலிருந்து சுமார் 3,000 அடி கீழே.

அங்கே ஓர் இருட்டறை அமைத்தார்கள். காலையில் பயணிகளைப் படம் எடுத்ததும், எமரி கண்ணாடித் தட்டுகளைக் கட்டிக்கொண்டு அதே பாதையில் கீழே ஓடுவார். கழுவி முடித்து மறுபடி மேலே ஓடி வருவார். கழுதைச் சவாரி முடிந்து பயணிகள் மேலே வந்து சேரும்போது அவரவர் படம் விற்பனைக்குத் தயாராக இருக்கும். போக வர 9 மைல், கிட்டத்தட்ட 14.5 கிலோமீட்டர். திருவண்ணாமலை மலையை நினைத்துக்கொள்ளுங்கள்: அதைவிடவும் கூடுதலான உயரம், அதுவும் தலைகீழாக. முதலில் இறக்கம், வேலை முடிந்த களைப்போடு ஏற்றம். இதை ஒரு நாள் சாகசமாகச் செய்யவில்லை, தொழிலாகச் செய்தார்.

அவ்வளவு அவசரம் எதற்கு என்று நானும் யோசித்தேன். அவர்கள் கையில் இருந்தது உலர் தட்டு. படம் எடுத்துவிட்டு நாள் கழித்தும் கழுவலாம், ஒன்றும் ஆகாது. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டாரே! அடுத்த ரயிலில் ஏறிப் போய்விட்டவருக்கு அவர் படத்தை எங்கே கொண்டுபோய் விற்பது? அவர்களுக்கு முப்பது வருஷம் முந்தியவர்களுக்கோ நிலைமை நேர் எதிர். 1871–72இல் ஜான் வெஸ்லி பவலின் இரண்டாவது கொலராடோ நதிப் பயணத்தில் போன படக்காரர்களுக்கு வாங்குகிற ஆள் பக்கத்தில் இல்லை. ஆனால் தட்டு காத்திருக்காது. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமும் எடுத்து டெவலப்பும் செய்தாக வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டி எல்லாவற்றையும் பாறைமேல் சுமந்தார்கள். அந்தக் குழுவில் துடுப்பு போடச் சேர்ந்த ஜாக் ஹில்லர்ஸ், கூடமாட ஒத்தாசை செய்தே தொழிலைக் கற்று, கடைசியில் குழுவின் படக்காரரானார்.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பித்து தெரியும். ஷட்டரை அழுத்துகிற கணத்தை எழுத ஆயிரம் பேர் உண்டு. அதற்குப் பின்னால், படம் கைக்கு வரும்வரை நடக்கிறதே, எனக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் அதிகம் செலவாவது டெவலப்பரிலும், படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவிலும் இல்லை, அவை முடிந்த பிறகு அலசுவதில். ஹைப்போ சரியாகப் போகாவிட்டால் வருஷம் ஆக ஆகப் படம் பழுத்து மங்கும். கலங்கல் நீரில் அலசினாலும் ஆபத்து. தட்டின் மேல் பூசிய ஜெலட்டின் நனைந்ததும் ஊதி இளகியிருக்கும். ஒரு மணல் துகள் வந்து ஒட்டிக்கொண்டால் காய்ந்த பிறகு எடுக்க வராது. விரலால் தள்ளினால் கீறல் விழும். வந்தவர் முகத்துக்கு நடுவே கீறல் இருந்தால் யார் காசு கொடுப்பார்கள்? எமரி 3,000 அடி இறங்கியது இதற்காக.

மணல் என்றதும் அந்தப் பக்கம் நான் ஸ்லைடு ஃபிலிமோடு அலைந்த நாட்கள் ஞாபகம் வருகின்றன. பேஜ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில், தலைக்கு மேல் ஒரு கீற்று வானம்தான் தெரியும். காற்று வீசினால் அந்தக் கீற்று வழியாக மணல் சன்னமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஃபிலிம் ரோலின் வாயில் வெளிச்சம் புகாமலிருக்க வெல்வெட் துணி ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரே ஒரு துகள் சிக்கினாலும் போதும், சுருளை இழுக்க இழுக்க முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒரே நேர்கோடு விழும். நான் ரோல் மாற்ற உட்கார்ந்தால், கூட வந்த நவாஹோ வழிகாட்டி எதுவும் சொல்லாமல் தன் தொப்பியைக் கழற்றிக் கேமராவுக்கு மேல் குடையாகப் பிடிப்பார். எத்தனை பேருக்குப் பிடித்துப் பழகிய கையோ! மாற்றி முடித்ததும் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடப்பார். முடிந்த ரோல்கள் காரில் ஐஸ் பெட்டிக்குள் போகும், பிறகு தபாலில் லேபுக்கு. என்ன எடுத்தேன் என்பது எனக்கே தெரிய வாரக்கணக்கில் ஆகும். எமரியின் வாடிக்கையாளருக்குச் சாயங்காலமே தெரிந்தது.

சகோதரர்கள் ஓட்டத்தோடு நிற்கவில்லை. 1911 செப்டம்பரில் வயோமிங்கின் கிரீன் ரிவரிலிருந்து இரண்டு படகுகளில் கிளம்பி, நதியோடு கலிபோர்னியாவின் நீடில்ஸ்வரை போய், சினிமாப் படமே எடுத்தார்கள். ஒரு படகின் பெயர் டிஃபையன்ஸ். மற்றதன் பெயர் ஈடித், எமரி மகளின் பெயர். நீடில்ஸை எட்டியது 1912 ஜனவரியில். 1915 முதல் அந்தப் படத்தை ஸ்டுடியோவிலேயே திரையிட்டார்கள். 1976இல் எமரி தம் 95ஆம் வயதில் காலமாகும்வரை அது ஓடிக்கொண்டிருந்தது. இந்தியன் கார்டன் ஊற்றிலிருந்து மோட்டார் வைத்து விளிம்புக்குத் தண்ணீர் ஏற்றியது 1932இல். அதற்குள் எமரிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

பக்கம் தீர்ந்துவிட்டது, போர்ட்டர் மறுபடியும் வாசலிலேயே நிற்கிறார். தண்ணீர் இல்லாத கதை இந்த வாரத்தைத் தின்றுவிட்டது. தண்ணீர் வந்து மூடிய கதை அடுத்த வாரம். அதே கொலராடோ நதியில், இன்னும் மேலே, 1963இல் கிளென் கேன்யன் அணையின் மதகுகளை மூடினார்கள். போர்ட்டரின் புத்தகத்தை சியரா கிளப் வெளியிட்டதும் அதே வருஷம்தான். அவர் வண்ண ஃபிலிமில் பிடித்த சுவர்களில் நிழல் ஏன் நீலமாக விழுந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இடையில் வேறு யாரும் ஓடாமல் இருந்தால்.