பொன் துகளுக்குள் பச்சை விளக்கு!

பொன்னின் நிறம் என்ன?

"இது என்ன கேள்வி? மஞ்சள்தான்!" என்பீர்கள். காரைக்குடியில் நகை வாங்க வரும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால், பொன் சிவப்பாகவும் இருக்கும்! பொன்னை அமிலத்தில் கரைத்து, அதில் வேறு மருந்து சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரியும். அந்தத் துகள்கள் மிதக்கும் தண்ணீர், மாதுளம்பழச் சாறு போலச் சிவந்து நிற்கும்.

காரைக்குடியில்

இப்படிப்பட்ட பொன் துகள்களையும் வெள்ளித் துகள்களையும் செய்து ஆராய்ந்த இடங்களில் ஒன்று, காரைக்குடியில் உள்ள மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையம்.

இந்த நிலையம் அமைவதற்காக வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும், 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார்.

குடத்துத் தண்ணீர்

மஞ்சள் பொன் ஏன் சிவக்கிறது?

பெண்கள் ஊருணியில் இருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். நடக்க நடக்க, குடத்துத் தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடும். நடையும் ஆட்டமும் ஒத்துப் போய்விட்டால், தண்ணீர் ததும்பி வழியும்.

பொன் துகள் ஒரு குடம். அதற்குள் ஓடித் திரியும் எலெக்ட்ரான்கள்தான் தண்ணீர். பச்சை ஒளியின் நடை இந்தக் குடத்துக்கு ஒத்துப் போகிறது. எலெக்ட்ரான்கள் பலமாக ஆடுகின்றன. பச்சை ஒளியைத் துகள் விழுங்கி விடுகிறது. மிஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது.

இந்த ஆட்டத்துக்கு "பிளாஸ்மான்" என்று பெயர்.

சின்னஞ்சிறு லேசர்

உலகின் முதல் லேசர் விளக்கை 1960-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி மைமன் எரிய வைத்தார். சாதாரண லேசரில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. ஒளி அவற்றுக்கு இடையே போய் வந்து பலம் பெறும். அதற்கு அரை அலை அளவாவது இடம் வேண்டும். அதைவிடச் சிறிதாக லேசர் செய்ய முடியவில்லை.

"கண்ணாடி எதற்கு? ஒளிக்குப் பதிலாக உலோகத் துகளின் ஆட்டத்தையே வளர்க்கலாமே!" 2003-ம் ஆண்டு இந்த யோசனையைச் சொன்னவர்கள், இஸ்ரேலின் பெர்க்மனும் அமெரிக்காவின் ஸ்டாக்மனும். இதற்கு "ஸ்பேசர்" என்று பெயர் வைத்தார்கள்.

2009-ம் ஆண்டு, அமெரிக்காவில் நோகினோவ் குழுவினர் அதைச் செய்து காட்டினார்கள். நடுவில் பொன் துகள். அதைச் சுற்றி, மணலில் உள்ள சிலிக்காவால் ஆன ஓடு. ஓட்டுக்குள் சாயம். வெளியில் இருந்து ஒளி பட்டதும், சாயம் சக்தியை வாங்கிப் பொன்னுக்குக் கொடுத்தது. எலெக்ட்ரான்களின் ஆட்டம் வளர்ந்தது. பச்சை லேசர் ஒளி வீசியது!

துகளின் அகலம் 44 நானோ மீட்டர். அதாவது, அது வீசிய பச்சை ஒளியின் ஓர் அலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு! நடுவில் இருந்த பொன் 14 நானோ மீட்டர்தான். ஒரு பவுன் பொன்னில் இப்படி 2,000 கோடி கோடிக்கு மேல் துகள்கள் செய்யலாம்.

நோய்க்கு எதிரி

இத்தனை சிறிய விளக்கு எதற்கு?

உடம்பில் உள்ள ஒரு செல்லுக்குள்ளேயே இதை அனுப்பலாம். 2017-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், 22 நானோ மீட்டர் ஸ்பேசர்களைப் புற்றுநோய் செல்களுக்குள் புகுத்தினார்கள். லேசர் ஒளியைப் பாய்ச்சியதும் ஸ்பேசர்கள் ஒளி வீசி, நோய் செல் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தன. ஒளியைக் கூட்டியதும் சூடேறி, சுற்றிலும் நுண்ணிய நீராவிக் குமிழிகள் கிளம்பின. குமிழிகள் வெடித்து நோய் செல்லைக் கொன்றன!

குறையும் உண்டு. வாங்கும் சக்தியில் பெரும் பகுதியைப் பொன்னே சூடாக மாற்றி விடுகிறது. ஸ்பேசரை எரிய வைக்க, வெளியில் இன்னொரு லேசரும் வேண்டும். ஆகவே, இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

வந்துவிட்டால், கழுத்துக்கு அழகு தரும் பொன், புற்றுநோயாளியின் உயிரையும் காக்கும்!