பேத்தியின் பக்கம் நின்ற பாட்டி

கதையில் வரும் பாட்டி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறார்? முறுக்கு சுட்டுத் தருகிறவரா, மடியில் போட்டுக் கதை சொல்கிறவரா?

நம்ம கடலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருக்கிறார், கௌரிப் பாட்டி. ஜெயகாந்தன் எழுதிய ‘யுகசந்தி’ சிறுகதையில் வருகிறவர். கடலூரில் பிறந்த ஜெயகாந்தன், சிறுவயதில் நம்ம விழுப்புரத்தில் மாமா வீட்டில் இருந்தவர். பாரதியார் பாட்டெல்லாம் அவருக்கு அறிமுகமானது இங்கேதான்.

கதை இதுதான். பேத்தி கீதா நெய்வேலியில் டீச்சர். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அவள் எழுதிய கடிதத்தோடு, அவளோடு இருக்கும் பாட்டி, கடலூரில் தன் மகன், அதாவது கீதாவின் அப்பா வீட்டுக்கு வருகிறார். வீடே கொதிக்கிறது. மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகச் சொல்கிற அளவுக்குப் போகிறார் அப்பா.

பாட்டியோ தானும் இளவயதில் விதவையானவர். தலையை மழித்து, ஆசாரம் தவறாமல் வாழ்ந்தவர். அவர்தான் அதிகம் கோபப்படுவார் என்று நினைப்போம், இல்லையா? ஆனால், தான் பட்டது பேத்திக்கு வேண்டாம் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. மகனை விட்டுவிட்டு, பேத்தியிடமே திரும்பப் புறப்பட்டுவிடுகிறார்! பேரப்பிள்ளை மேல் வைத்த பாசத்தை இவ்வளவு துணிச்சலாகக் காட்டிய கதைகள் தமிழில் குறைவு என்றே சொல்வேன்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ நூலகத்துக்குப் போனால், ஜெயகாந்தன் சிறுகதைத் தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.